ஊசி போட்ட மாட்டின் சாணத்தில் என்ன கண்டீர்கள்?

முத்தையன்கட்டிலிருந்து:
காலபோக அறுவடை முடிந்து குளம் வற்றத் தொடங்கினால் எங்கள் பட்டி அலைகரைப் புல்லுக்கு இறங்கிவிடும். பக்கத்துப் பட்டியும் அங்கேதான் மேயும். அவர்கள் மாடுகளுக்குக் குடற்புழுவுக்கும் சொறிக்கும் போடும் ஐவர்மெக்டின் ஊசி போட்டு ஒரு வாரம் போனபின், இரண்டு பட்டிச் சாணத்தையும் தடியால் புரட்டிப் பார்த்தேன். எங்கள் மாட்டுச் சாணத்துக்குள் ஈப்புழுக்கள் நெளிந்தன; அடியில் வண்டு குடைந்து தள்ளிய ஈரமண் குவிந்திருந்தது. அவர்களுடையதிலும் வண்டுகள் இருந்தன. புழு ஒன்றுகூட இல்லை. மைனாக்கள் அதைக் கிளறிப் பார்க்கவும் இல்லை.

வண்டு வந்து போவதைக் கண்டு ஏமாறக்கூடாது. அந்த மருந்தின் பெரும்பகுதி சாணத்தோடுதான் வெளியேறுகிறது. வளர்ந்த வண்டு ஓரளவு தாக்குப்பிடிக்கும், அதன் இளம்புழு தாங்காது. அடுத்த மழைக்கு மண்ணைப் பிளந்துகொண்டு வரவேண்டிய தலைமுறை அங்கேயே முடிந்துவிடுகிறது. பிறகு சாணத்தை மண்ணுக்குள் இழுக்க ஆளில்லை. அது உக்காமல் கிடக்கும். சுற்றி வளரும் புல்லை மாடு முகர்ந்துவிட்டு விலகிப் போகும்.

நெடுங்கேணியிலிருந்து:
அண்ணை, பங்குனி வெயிலில் எந்தச் சாணம்தான் காயாமல் இருக்கிறது? எங்கள் கன்றுகள் வயிறு ஊதி, மயிர் சிலிர்த்து நின்றபோது அதே ஊசிதான் அவற்றை நிமிர்த்தியது. அதைக் கண்டுபிடித்ததற்கு 2015இல் நோபல் பரிசே கொடுத்தார்கள்.

முத்தையன்கட்டிலிருந்து:
தம்பி, வெயில் ஒரு பட்டியின் சாணத்தை மட்டும் பார்த்துக் காய வைக்காது. ஊசியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நோயில்லாத மாட்டுக்கும் சேர்த்து வருடம் தவறாமல் குத்துவதைத்தான் சொல்கிறேன்.

மாங்குளத்திலிருந்து:
நாங்கள் குடற்புழுவுக்கு அல்பெண்டசோல் பருக்குகிறோம். சாணி வண்டுக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. சினைப்பட்ட புதிதில் மட்டும் கொடுக்கக்கூடாது. காட்டோரம் திரியும் மாட்டைப் பிடித்து வாயைத் திறந்து ஊற்றுவது பெரும்பாடு, அதற்குத்தான் எல்லோரும் ஊசிக்குப் போகிறார்கள். உண்ணிக்கும் சொறிக்கும் அல்பெண்டசோல் கேட்காது. சொறி முற்றினால் நாங்களும் ஊசிதான். ஆனால் வேண்டிய மாட்டுக்கு மட்டும். போட்டபின் சில நாள் வைக்கோல் கொடுத்துப் பட்டிக்குள்ளேயே நிறுத்துகிறோம், மருந்து மிகுந்த சாணம் புல்லில் விழாது. கறவை மாடென்றால் பாலை எத்தனை நாள் ஒதுக்கவேண்டும் என்று மிருக வைத்தியரிடம் முதலில் கேளுங்கள்.

மன்னார்ப் பக்கம் ஆட்டுப்பட்டி வைத்திருப்பவர்கள் யாராவது புழுக்கையைக் கிளறிப் பார்த்திருக்கிறீர்களா?