தொடர் வாக்கியத்தைக் குழந்தைக்குக் காட்டுவது எதைக் கொண்டு: இணைப்புச் சொல்லா, பயனிலையா?

தகடூரான் (பாலக்கோடு, தமிழாசிரியர்):

ஐந்தாம் வகுப்புக்கான பயிற்சித்தாள் ஒன்றை அண்மையில் பார்த்தேன். 'ஆனால், எனவே, அதனால், அல்லது, மேலும்' என்னும் 5 சொற்களை ஒரு பெட்டிக்குள் அச்சிட்டிருந்தார்கள். கீழேயுள்ள வாக்கியங்களில் இவற்றுள் ஒன்று வந்தால் வட்டமிட்டு, பக்கத்தில் 'தொடர் வாக்கியம்' என்று எழுத வேண்டுமாம். தனித்தனியே முடியக்கூடிய பகுதிகள் சேர்ந்து ஒரே வாக்கியமாக வருவதே தொடர் வாக்கியம். வட்டமிடத் தெரிந்த குழந்தைக்கு முழு மதிப்பெண் கிடைத்துவிடும். வாக்கியத்தைப் படிக்க வேண்டிய தேவையே எழாது. இந்த முறையைக் கைவிட வேண்டும் என்பது என் கருத்து.

மழைக்காலத்தில் நம் மாவட்டத்துக் குழந்தைகள் அடிக்கடி கேட்கும் செய்தியையே எடுத்துக்கொள்வோம். "காவிரியில் நீர்வரத்து அதிகரித்தது, எனவே ஒகேனக்கல்லில் பரிசல் இயக்கத் தடை விதிக்கப்பட்டது." இது தொடர் வாக்கியம். 'எனவே' என்பதை நீக்கிவிட்டு அரைப்புள்ளியை மட்டும் வைத்தாலும் அது தொடர் வாக்கியமே; ஆனால் பெட்டியை நம்பிய குழந்தை அதைத் தவறவிடும். செய்தித்தாளோ பெரும்பாலும் "நீர்வரத்து அதிகரித்ததால் பரிசல் இயக்கத் தடை விதிக்கப்பட்டது" என்றுதான் எழுதுகிறது. காரணமும் விளைவும் மாறவில்லை, எனினும் இங்கே முடிந்த வினை ஒன்றே ஒன்றுதான். இந்த வேறுபாட்டைப் பெட்டியால் காட்ட முடியாது.

மறுபக்கமும் உண்டு. "விலை கட்டுப்படியானால் தக்காளியைப் பறிப்போம்" என்பதில் 'ஆனால்' ஒளிந்திருக்கிறது. அது நிபந்தனை, இணைப்பன்று. "ஒரு கிளையை ஒடித்து அதனால் பாம்பை விரட்டினார்" என்பதில் 'அதனால்' கருவியைக் குறிக்கிறது. 'உம்' இன்னும் சிக்கலானது. தொல்காப்பியமும் நன்னூலும் அதற்கு 8 பொருள் கூறுகின்றன. எண்ணிச் சேர்ப்பது அவற்றுள் ஒன்று மட்டுமே. அதுவும் பெயர்களைத்தான் எளிதில் சேர்க்குமே தவிர, முடிந்த வினைகளோடு சேராது. 'வந்தானும் போனானும்' என்று யாரும் பேசுவதில்லை. இரண்டு முடிந்த வினைகளைச் சேர்க்க வேண்டுமென்றால், "அக்காவும் வந்தாள், தம்பியும் வந்தான்" என்று 'உம்' எழுவாய்க்குப் போய்விடுகிறது. இதை அறியாமல்தான் "வந்தான் மற்றும் சாப்பிட்டான்" என்று எழுதும் ஒரு தலைமுறையை உருவாக்கியிருக்கிறோம். ஆகவே இணைப்புச் சொல்லைத் தேடச் சொல்வதை விட்டுவிட்டு, முடிந்த வினைகளை எண்ணச் சொல்ல வேண்டும்.

காவேரிப்பட்டினம் டீச்சர் (தொடக்கப்பள்ளி):

ஐயா, நீங்கள் காட்டிய விதிவிலக்குகள் அனைத்தும் உண்மை. ஆனால் அவை பெரியவர்களுக்குத் தோன்றும் விதிவிலக்குகள். ஒரே அறையில் மூன்று வகுப்புகளை வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறவள் நான். ஒன்பது வயதுக் குழந்தைக்கு முதலில் கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்று தேவை. 'ஆனால்' கண்ணுக்குத் தெரிகிறது, 'முற்று' எனப்படும் முடிந்த வினை தெரிவதில்லை.

முடிந்த வினையை எண்ணச் சொல்கிறீர்கள். "ஓசூர் குளிர்ந்த ஊர், தருமபுரி வெயில் ஊர்" என்பதில் எத்தனை வினை இருக்கிறது? ஒன்றுகூட இல்லை. இரண்டிலும் பெயரே பயனிலையாக நிற்கும் பெயர்ப்பயனிலை. உங்கள் கணக்குப்படி இது வாக்கியமே ஆகாது. "'மாங்காய் கூழ் ஆலைக்குப் போகிறது' என்று தாத்தா சொன்னார்" என்பதில் முடிந்த வினை இரண்டு. ஆயினும் அது கலவை வாக்கியம், அதாவது ஒரு பகுதி மற்றொன்றைச் சார்ந்து நிற்கும் வாக்கியம். "ஏரிக்கரையில் மழை பெய்யும்" என்றால் முற்று, "மழை பெய்யும் ஊர்" என்றால் பெயரைத் தழுவி நிற்கும் முடியாத வினையான பெயரெச்சம்; எழுத்தில் இரண்டும் ஒன்றே. 'உண்டு', 'இல்லை', 'வேண்டும்' போன்றவற்றை வினை என்று குழந்தையை நம்பவைப்பதே தனி வேலை. இணைப்புச் சொல்லைத் தேடினால் சில இடங்களில் தவறு நேரும். வினையை எண்ணினால் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடும்.

அரூர் அப்பா:

நான் ஆசிரியர் அல்லன். என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கிலத் தாளில் வாக்கியத்தைத் தனி, தொடர், கலவை என்று மாற்றி எழுதும் வினா வருகிறது. 'அண்ட், பட், சோ' வந்தால் தொடர். 'பிகாஸ், ஆல்தோ, சின்ஸ்' வந்தால் கலவை. 'டியூ டு, இன் ஸ்பைட் ஆஃப்' வந்தால் தனி. இதை மனப்பாடம் செய்தே மதிப்பெண் வாங்குகிறாள். பெட்டி வேண்டாம் என்றால் தேர்வறையில் பிள்ளைகள் எதைப் பிடித்துக்கொள்வார்கள்?

ஓசூர் ஆங்கில ஆசிரியர்:

அப்பா கேட்டதற்கு ஆங்கிலத்தின் பக்கமிருந்து விடை சொல்கிறேன். ஒரே நிலையிலுள்ள வாக்கியங்களை இணைக்கும் சொற்களாக ஆங்கிலப் பள்ளி இலக்கணம் ஏழு சொற்களைக் கூறுகிறது: ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், சோ. முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஃபேன்பாய்ஸ்' என்று மனப்பாடம் செய்ய வைக்கிறோம். இந்த ஏழிலும் பலவற்றுக்கு வேறு வேலை இருக்கிறது. 'ஃபார்' பெரும்பாலும் முன்னிடைச்சொல்லாகவே வருகிறது. இணைப்பாக வருவது அரிது. 'யெட்' பல இடங்களில் 'இன்னும்' என்று மட்டுமே பொருள் தரும். 'சோ' என்பது 'மிக' என்ற பொருளிலும் வரும். 'ராஜு அண்ட் ரவி' சந்தைக்குப் போனார்கள் என்பதில் 'அண்ட்' இரண்டு பெயர்களை மட்டுமே சேர்க்கிறது. ஆகவே சொல்லைப் பார்த்தவுடன் தீர்ப்பு எழுதுவது ஆங்கிலத்திலும் ஆபத்துதான்.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தமிழில் "மேகம் கறுத்தது, காற்று வீசியது, மழை வந்தது" என்று காற்புள்ளியை மட்டும் வைத்து எழுதலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆங்கிலத்தில் இரண்டு முழு வாக்கியங்களை வெறும் காற்புள்ளியால் சேர்ப்பது பிழை. அரைப்புள்ளி இட வேண்டும், அல்லது காற்புள்ளிக்குப் பின் அந்த ஏழில் ஒன்றை எழுத வேண்டும். எனவே ஆங்கில வகுப்பில் அந்தப் பட்டியல் சுவரில் இருக்கத்தான் வேண்டும். அதே பட்டியலை மொழிபெயர்த்துத் தமிழ் வகுப்பின் சுவரிலும் ஒட்டுவதைத்தான் நான் ஏற்கவில்லை. நம் பயிற்சித்தாள் அங்கிருந்துதான் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

குழந்தைகளைக் குழப்பும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓர் எழுவாய் பல பயனிலைகளைப் பெற்று வருவதும் தொடர் வாக்கியம் என்று தமிழ் வகுப்பில் சொல்லித்தருகிறோம். "அவன் வந்தான், அமர்ந்தான், பேசினான்" என்பது அப்படித்தான். ஆங்கிலத்தில் ஒரே எழுவாய்க்கு 'அண்ட்' போட்டு இரண்டு வினைகளை எழுதினால், இன்றைய இலக்கண நூல்கள் பலவும் அதைத் தனி வாக்கியம் என்றே கொள்கின்றன. காலையில் ஒரு விடை, பிற்பகலில் வேறொரு விடை. குழந்தை யாரை நம்பும்?

தகடூரான்:

டீச்சர் எழுப்பிய தடைகள் வலுவானவை. 'வினை' என்பதைப் 'பயனிலை' என்று விரித்துக்கொண்டால் ஓசூரும் தருமபுரியும் உள்ளே வந்துவிடும். தலைப்பிலும் நான் அந்தச் சொல்லையே இட்டேன். ஆயினும் பயனிலை என்ற பெயரைக்கூடக் குழந்தைக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாக்கியத்தை ஒரு தாள் துண்டில் எழுதிக் கொடுத்து, ஓரிடத்தில் வெட்டச் சொல்லுங்கள். ஒரு பாதியை ஒரு பிள்ளையும் மறு பாதியை இன்னொரு பிள்ளையும் உரக்கப் படிக்கட்டும். ஒவ்வொரு பாதியும் முடிந்துவிட்டதா, தொங்குகிறதா என்று வகுப்பே சொல்லும்.

"நீர்வரத்து அதிகரித்தது" முடிகிறது. "நீர்வரத்து அதிகரித்ததால்" தொங்குகிறது. 'அப்புறம் என்ன ஆயிற்று?' என்று பிள்ளைகளே கேட்பார்கள். தாத்தாவின் வாக்கியத்தை வெட்டினால் "மாங்காய் கூழ் ஆலைக்குப் போகிறது" முடிந்துவிடும், ஆனால் "என்று தாத்தா சொன்னார்" தொங்கும். எனவே அது தொடர் வாக்கியம் அன்று. "மழை பெய்யும் ஊர்" என்பதில் 'மழை பெய்யும்' தனியே நிற்கும், 'ஊர்' நிற்காது. டீச்சர் காட்டிய எடுத்துக்காட்டுகள் அனைத்தும் இந்தச் சோதனையில் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்கின்றன. இதற்கு இலக்கணப் பெயர் ஒன்றும் வேண்டாம். வாக்கியம் முடிந்ததா என்பதைத் தமிழ் பேசும் எந்தக் குழந்தையின் காதும் அறியும்.

காவேரிப்பட்டினம் டீச்சர்:

தமிழ் பேசும் குழந்தை என்று சொல்கிறீர்களே, வேப்பனப்பள்ளி, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பள்ளிகளில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களின் காதை எப்படி நம்புவது?

தளிக்காரர்:

2004 வரை தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களும் ஒன்றாக இருந்தன. எங்கள் பக்கத்துப் பேச்சு அப்போதும் வேறாகத்தான் இருந்தது. வீட்டில் கன்னடம் பேசி வளர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த விஷயத்தில் அந்தக் காதை நம்பலாம். 'வந்து உட்கார்ந்தான்' என்பதைக் கன்னடத்திலும் தெலுங்கிலும் அதே அமைப்பில்தான் சொல்கிறோம். எச்சங்களை, அதாவது முடியாத வினைகளை, அடுக்கிக் கடைசியில் ஒரு முற்றோடு முடிப்போம். கன்னடத்தின் 'ஆதரெ' தமிழின் 'ஆனால்' போலவே நிபந்தனையாகவும் வரும், எதிர்நிலையாகவும் வரும். எது தொங்குகிறது, எது முடிகிறது என்பதில் எங்கள் பிள்ளைகளுக்குத் தடுமாற்றம் இல்லை.

தடுமாற்றம் வேறிடத்தில் இருக்கிறது. தெலுங்கில் ஒருமையில் பெண்ணுக்கும் அஃறிணைக்கும் ஒரே வினைமுடிபு. 'வச்சிந்தி' என்றால் அக்காவும் வந்திருக்கலாம், பேருந்தும் வந்திருக்கலாம். அதனால் "அக்கா வந்தது" என்று எழுதிவிடுவார்கள். 'அக்கா வந்து, சாப்பிட்டு, தூங்கி' என்று எச்சங்களை அடுக்கும்போது இந்தப் பிழை மறைந்திருக்கும், ஏனென்றால் எச்சத்துக்குப் பால் காட்டும் விகுதி கிடையாது. "அக்கா வந்தாள், ஆனால் பேருந்து வந்து சேரவில்லை, அண்ணன் நடந்தே போனான்" என்று எழுதச் சொன்னால் ஒவ்வோர் எழுவாய்க்கும் அதற்குரிய முடிவைத் தேடியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் தொடர் வாக்கியம் சொல்லித்தருவதன் பயன் இதுதான். வட்டமிடுவதால் இது வராது.

காவேரிப்பட்டினம் டீச்சர்:

இது எனக்குப் புதிய செய்தி, ஏற்கிறேன். ஆனால் தகடூரான் ஐயாவின் கத்தரிக்கோலில் ஒரு சிக்கல் இருக்கிறது. "நீர்வரத்து அதிகரித்தது, எனவே தடை விதிக்கப்பட்டது" என்பதை வெட்டினால் "எனவே தடை விதிக்கப்பட்டது" என்ற பாதியும் தானே நிற்கிறது. தமிழில் 'எனவே', 'ஆனால்' ஆகியவற்றைக் கொண்டு புதிய வாக்கியத்தைத் தொடங்குவது இயல்பு. அப்படியானால் இதை ஒரு தொடர் வாக்கியம் என்பதா, இரண்டு தனி வாக்கியங்கள் என்பதா? அரைப்புள்ளி இருந்தால் ஒன்று, முற்றுப்புள்ளி இருந்தால் இரண்டு. இந்தக் குறிகளோ அச்சோடு நமக்கு வந்தவை. ஓலைச்சுவடியில் இவை கிடையா. ஒரு புள்ளியைக் கண்டுபிடிக்கத்தான் குழந்தையை இவ்வளவு பாடுபடுத்துகிறோமா?

ஆகவே 'கண்டுபிடி' என்ற வினாவே வேண்டாம் என்கிறேன். 'சேர்த்து எழுது' என்று கேட்போம். "நீர்வரத்து குறைந்தது", "தடை நீடித்தது" என்று இரண்டைக் கொடுத்தால் குழந்தை 'ஆனால்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். "தடை நீங்கியது" என்று மாற்றினால் 'எனவே' வேண்டும். முதல் இரண்டுக்கு நடுவே 'எனவே' போட்டுப் படித்தால் வகுப்பே சிரிக்கும். நீர் குறைந்ததற்கு யாராவது தடையை நீட்டிப்பார்களா? அந்தச் சிரிப்பு வந்துவிட்டால் இணைப்புச் சொல்லின் வேலை புரிந்துவிட்டது என்று பொருள். என் பெட்டி சுவரில் இருப்பது இதற்காகத்தான்: வட்டமிடுவதற்கு அன்று, எடுத்துப் பயன்படுத்துவதற்கு.

ஓசூர் ஆங்கில ஆசிரியர்:

இதை ஆங்கில வகுப்புக்கும் எடுத்துக்கொள்ளலாம். 'பட்', 'சோ' இரண்டையும் மாற்றிப் போட்டுப் படிக்கச் சொன்னால் போதும். அரூர் அப்பாவின் மகள் மனப்பாடம் செய்த பட்டியல் வீணாகாது; எந்த இடத்தில் எதை எடுப்பது என்பது மட்டும் கூடுதலாகத் தெரிந்திருக்கும்.

அரூர் அப்பா:

வினாத்தாளில் 'சேர்த்து எழுது' என்று கேட்டால் மகிழ்ச்சிதான். 'எவ்வகை வாக்கியம்?' என்று கேட்டால் என்ன செய்வது என்பதற்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

தகடூரான்:

அந்த வினா இருக்கும்வரை வெட்டிப் பார்க்கும் சோதனையும் தேவைப்படும். டீச்சரின் முறை அதற்கு மாற்றாகாது. அரைப்புள்ளி குறித்து அவர் கூறியது சரிதான், ஆனால் தொங்கும் பாதிக்கும் நிற்கும் பாதிக்கும் உள்ள வேறுபாடு அச்சுக்கு முன்னும் இருந்தது. எச்சம், முற்று என்று பெயரிட்டது தொல்காப்பியம்.

பெட்டியைச் சுவரில் வையுங்கள். 'மேலும்' என்பதை மட்டும் எடுத்துவிடலாம். குழந்தைகள் அதை எல்லா இடத்திலும் போட்டு நிரப்பிவிடுவார்கள். 'அல்லது' பற்றி எனக்கு ஐயம் உண்டு. "பேருந்தில் போவேன் அல்லது நடந்து போவேன்" என்று எந்தப் பிள்ளையும் பேசுவதில்லை. "பேருந்தில் போவேன், இல்லாவிட்டால் நடந்து போவேன்" என்பார்கள்.

காவேரிப்பட்டினம் டீச்சர்:

'மேலும்' போகட்டும். 'இல்லாவிட்டால்' என்பதைச் சேர்க்கிறேன். ஆனால் அது நிபந்தனை எச்சம் ஆயிற்றே, ஐயா. வெட்டினால் "இல்லாவிட்டால் நடந்து போவேன்" தனியே நிற்கவும் செய்கிறது. இதை நீங்கள் தொடர் வாக்கியம் என்பீர்களா, கலவை என்பீர்களா?