நாளை ஹாலோவீன், மகனை அனுப்பலாமா?

புதுவரவு: வணக்கம். ஓகஸ்டில்தான் கனடாவுக்கு, ஸ்காபரோ வந்தோம். நாளை 31ஆம் திகதி, வகுப்பில் எல்லோரும் வேடம் போட்டு வீடு வீடாக இனிப்பு வாங்கப் போகிறார்களாம். மகன் ஒரே அழுகை. கணவருக்கு இரவு வேலை. இனிப்பில் ஊசி வைப்பார்கள் என்கிறார் பக்கத்து வீட்டம்மா. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அனுப்பலாமா?

பனிக்காடு: தங்கச்சி, முதலில் நல்ல ஜாக்கெட் வாங்குங்கள். நாங்கள் வந்த ஆண்டு நிலவறை வீடு, ஹீட்டர் வேலை செய்யாது, வீட்டுக்காரர் போனே எடுக்கமாட்டார். வேடத்துக்கு மேல் ஜாக்கெட் கட்டாயம்.

மூன்று பிள்ளைகளின் அம்மா: மேலே போட்டால் ஸ்பைடர்மேன் எங்கே தெரியும்? வேடத்தை ஓர் அளவு பெரிதாக வாங்கி, ஜாக்கெட்டை உள்ளே போடுங்கள்.

பழைய ஆள்: முன்பின் தெரியாத வாசலில் கை நீட்டுவது நமக்கு எதற்கு?

பனிக்காடு: அதுதானே அண்ணா! தீபாவளிக்கு லீவு கேட்டால் முறைக்கிறார்கள், இதற்குத் தெரு முழுக்க எலும்புக்கூடு.

தாதி அக்கா: லீவுச் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். 1974இல் டெக்சாஸில் நஞ்சு கலந்த இனிப்பால் ஒரு சிறுவன் இறந்தான். வைத்தவர் பெற்ற தகப்பன். ஊசியைவிடக் காருக்குத்தான் பயப்பட வேண்டும். அமெரிக்காவில் 1975 முதல் 2016 வரையான விபத்துகளை ஆராய்ந்தபோது, ஹாலோவீன் மாலையில் பாதசாரிகள் இறக்கும் ஆபத்து 43 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஆறேகாலுக்குள் சூரியன் மறைந்துவிடும், ஐந்தரைக்கே புறப்படுங்கள். முகமூடி கண்ணை மறைக்கும், முகத்தில் வண்ணம் பூசுங்கள். வாசல் விளக்கு எரியாத வீட்டை விட்டுவிடுங்கள், எந்த வீட்டுக்குள்ளும் போகக்கூடாது. பிள்ளைக்கு என்ன வயது? ஒவ்வாமை ஏதும் உண்டா?

புதுவரவு: டிசம்பரில்தான் நான்கு. கச்சான் (நிலக்கடலை) ஒத்துக்கொள்ளாது.

பனிக்காடு: இதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்!

தாதி அக்கா: அப்படியென்றால் அனுப்புகிற பேச்சே இல்லை, கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள்தான் போக வேண்டும். ஒவ்வாமைக்கு அவசரமாகப் போடும் எபிபென் ஊசி எழுதிக் கொடுத்திருந்தால் பையில் இருக்கட்டும். சோறு கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். வீடு திரும்பும்வரை ஒன்றும் வாயில் போகக்கூடாது. பிறகு லேபிளை வாசியுங்கள். பெரிய சாக்லேட்டில் கச்சான் இல்லையென்றாலும் அதன் குட்டிப் பொட்டலத்தில் இருக்கலாம். லேபிள் இல்லாதது குப்பைக்கு. கெட்டி மிட்டாயும் சூயிங்கமும் இந்த வயதில் தொண்டையில் சிக்கும். வாசலில் நீலப்பச்சைப் பூசணி வைத்த வீட்டில் இனிப்புக்குப் பதில் ஸ்டிக்கர், பொம்மை கிடைக்கும்.

புதுவரவு: நன்றி அக்கா. கைக்குழந்தையும் இருக்கிறாள், அவளை என்ன செய்வது?

தாதி அக்கா: நான்கைந்து வீட்டோடு திரும்பிவிடுங்கள். ஸ்ட்ரோலரில் ஒரு டார்ச் கட்டுங்கள்.