புதுப்பிப்பு: பழைய கார் ஸ்டீரியோவில் ஐபாட் இணைப்பு, இரைச்சல் நின்றது

கேசட்டும் வானொலியும் மட்டுமே உள்ள என் பழைய கார் ஸ்டீரியோவில் ஐபாடை இணைக்க வழி கேட்டிருந்தேன்; ஐபாடின் இசையை வானொலி அலையாக ஸ்டீரியோவுக்கு அனுப்பும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டரில் நகருக்குள் வேறு நிலையங்கள் குறுக்கிடுவதாகவும் எழுதியிருந்தேன். ஸ்டீரியோவைக் கழற்றிப் பார்த்தபோது, சிடி சேஞ்சருக்கான (பல சிடிகளை மாற்றி மாற்றி இயக்கும் தனிக் கருவி) இணைப்புத் துளை பின்புறத்தில் பயன்படுத்தப்படாமலே இருந்தது. சேஞ்சர் இருப்பதாக ஸ்டீரியோவை நம்பவைக்கும் அடாப்டர் ஒன்றை அதில் செருகி, 3.5 மி.மீ. ஆடியோ வயரை டேஷ்போர்டு வரை இழுத்துவந்தேன். வேலைக்கு முன் பேட்டரியின் எதிர்மின் முனையைக் கழற்றுபவர்கள் ஸ்டீரியோவின் பாதுகாப்புக் குறியீட்டை முதலில் தேடி வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் துண்டிக்கப்பட்டபின் பல மாடல்கள் அது இல்லாமல் இயங்குவதில்லை.

இசை தெளிவாகவே வந்தது. ஆனால் சார்ஜரைச் செருகியவுடன், எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் கீச்சொலி ஒன்று கேட்டது. சார்ஜர் வழியாகவும் ஆடியோ வயர் வழியாகவும் ஐபாடுக்கு இரண்டு தரையிணைப்புகள் (கிரவுண்டு) கிடைப்பதால், அவற்றுக்கிடையே உள்ள சிறு மின்னழுத்த வேறுபாடு ஒலிப்பாதையில் கலந்துவிடுகிறது. இரு சிறு மின்மாற்றிகள் கொண்ட கிரவுண்டு லூப் ஐசொலேட்டரை ஆடியோ வயரின் இடையில் சேர்த்ததும் கீச்சொலி முற்றிலும் நின்றது. தாழ்ந்த ஒலிகள் சற்றுக் குறைந்ததாகத் தோன்றினாலும், மிருதங்கத்தின் தொப்பி ஒலி இப்போதும் நிறைவாகக் கேட்கிறது. எனக்கு அதுவே முக்கியம்.