புரட்டாசிக்கு வீட்டை அலங்கரிக்கக் கொல்லையும் வயலும் போதுமா? யோசனை வேண்டும்

கொல்லைக்காரி, திருக்காட்டுப்பள்ளி பக்கம்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீடு குடமுருட்டிக் கரையோரம். பழைய ஓட்டு வீடு, வாசலில் திண்ணை, நடுவில் முற்றம், பின்னால் வாய்க்கால் வரைக்கும் கொல்லை. வைகாசியில் ஊன்றிய பரங்கிக்கொடி காய ஆரம்பித்துவிட்டது, இலை கருகக் கருகக் காய்கள் வெளியே தெரிகின்றன. ஆடிப்பட்டத்து வெண்டையும் கொத்தவரையும் புடலையும் தினமும் கூடை நிறைய வருகின்றன. மாட்டுக்கொட்டகைக் கூரையில் ஏறிய சுரையில் சில காய்களைப் பறிக்காமலே விட்டிருக்கிறேன். வேலியோரம் வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் கண்ணைப் பறிக்கின்றன. வயலில் அப்பாவின் குறுவை தலை சாய்த்துவிட்டது, அறுவடை மெஷினுக்குச் சொல்லியிருக்கிறார்.

காலாண்டுப் பரீட்சை லீவுக்கு அக்கா பிள்ளைகள் சென்னையிலிருந்து வருகிறார்கள். சரஸ்வதி பூஜை வரை இங்கேதான் இருப்பார்கள். கடைத்தெருவில் தொங்கும் பிளாஸ்டிக் மாவிலையும் ஜிகினாத் தோரணமும் இந்த வருஷம் எங்கள் நிலைப்படியில் ஏறக் கூடாது என்று பிடிவாதமாக இருக்கிறேன். இந்த மாதம் மண் எங்களுக்கு எதைக் கொடுத்ததோ அது வாசலிலேயே தெரிய வேண்டும். பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும், கையால் ஏதாவது செய்ய வேண்டும்.

எனக்குத் தெரிய வேண்டியவை: நெற்கதிரைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டால் நெல் கொட்டாமல் இருக்க எந்தப் பக்குவத்தில் அறுக்க வேண்டும்? பூச்சி வராமல் வைப்பது எப்படி? பரங்கியைத் திண்ணையில் அடுக்கினால் ஆயுத பூஜை வரை தாங்குமா? அப்புறம் கொலு. எங்கள் வீட்டில் அப்பாயி காலத்து மரப்பாச்சி ஜோடியும் கொஞ்சம் மண் பொம்மைகளும்தான் மிச்சம். மூன்று படிக்குக்கூடக் காணாது. மீதியைப் பிள்ளைகளை வைத்தே வீட்டில் செய்ய முடியுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

வரப்போரம், பாபநாசம்:

சகோதரி, முதலில் அப்பாவிடம் ஒன்று சொல்லிவையுங்கள். மெஷின் இறங்கித் திரும்புவதற்காக வயல் மூலையில் ஆள் விட்டுக் கையால் அறுப்பார்கள் இல்லையா, அந்த மூலை உங்களுக்கு. மெஷின் போன பிறகு கதிர் என்று ஒன்று இருக்காது. வைக்கோலும் நசுங்கி, துண்டு துண்டாகத்தான் விழும். பிரி திரிக்க நீள வைக்கோல் வேண்டுமென்றாலும் அந்த மூலைதான்.

கொத்துக்கு அறுக்கும் பக்குவம் அறுவடைப் பக்குவம் அல்ல. கதிரின் மேல்பாதி மஞ்சளாகி, அடியில் இருக்கும் நெல் இன்னும் பச்சையாக, ஆனால் நகத்தால் அழுத்தினால் பால் வராமல் கெட்டியாக இருக்கும்போதே அறுத்துவிட வேண்டும். மெஷினுக்கு ஒரு வாரம் பத்து நாள் முந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுக்க முற்றவிட்டால் கை பட்டாலே உதிரும். பனி ஈரம் காய்ந்த பிறகு, கதிருக்குக் கீழே ஒரு முழம் தாள் விட்டு அறுங்கள். தோகையை உரித்துவிட்டு, ஒரு கைப்பிடி அளவுக்கு மேல் சேர்க்காமல் வாழை நாரால் கட்டித் தலைகீழாக நிழலில், காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். பெரிய கட்டாகக் கட்டினால் நடுவில் புழுங்கிப் பூஞ்சை வரும். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும், ஆனால் தாள் நொறுங்கும், நிறமும் வெளிறும்.

பூச்சி என்றால் அந்துப்பூச்சிதான். அது வீட்டில் மட்டும் வருவதில்லை, வயலிலேயே கதிரில் முட்டை வைத்துவிடும். கொத்தைக் கட்டிச் சில வாரம் கழித்து நெல்லில் ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். காய்ந்த கொத்தைப் பாலிதீன் பையில் இறுகக் கட்டி ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். முட்டை, புழு எல்லாம் செத்துவிடும். ஃப்ரீசரில் இடமில்லை என்றால் கொத்துக்கு நடுவே நொச்சித் தழை சொருகலாம். அது பூச்சியை விரட்டும், உள்ளே இருப்பதைக் கொல்லாது.

அடுத்த வருஷத்துக்கு ஒரு யோசனை. வரப்பை ஒட்டிக் கொஞ்சம் கருங்குறுவை போடுங்கள். உமி கறுப்பு, அரிசி சிவப்பு. கறுப்புக் கதிரும் பொன் கதிரும் கலந்து கட்டிய கொத்தின் அழகே தனி. திருத்துறைப்பூண்டியில் நெல் ஜெயராமன் 2006இல் தொடங்கிய நெல் திருவிழாவில் இப்படிப்பட்ட பாரம்பரிய விதைகளை 2 கிலோ கொடுத்து, அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பி வாங்கும் பழக்கம் உண்டு. விளைந்ததில் கொஞ்சம் கொத்தாகும், மிச்சம் விதையாகும்.

மன்னார்குடி மருமகள்:

நான் கதிர்க் கொத்து செய்து நவராத்திரிக்கு வெற்றிலை பாக்குடன் கொடுக்கிறேன். கொட்டாமல் இருக்க மேலே வார்னிஷ் ஸ்ப்ரே அடித்துவிட்டால் கவலையே இல்லை, பளபளப்பும் வரும், வருஷக்கணக்கில் இருக்கும்.

வாடாமல்லிக்கு எதுவும் தேவையில்லை. பூ முழுக்க விரிந்து நிறம் ஏறியதும் காம்போடு வெட்டி, இருட்டு அறையில் தலைகீழாகக் கட்டுங்கள். வெளிச்சம் பட்டால் ஊதா நிறம் சாம்பலாகிவிடும். கோழிக்கொண்டையை அடியில் கறுப்பு விதை கொட்டத் தொடங்கும் முன் வெட்ட வேண்டும். இரண்டையும் வைக்கோல் பிரியில் சொருகினால் நிலைக்குத் தோரணம் ரெடி. மரப்பாச்சிக்குப் பிள்ளைகளே பட்டுத் துணி சுற்றி, வாடாமல்லியை நூலில் கோத்து மாலை போடட்டும்.

கொலுவில் கோபுரம், வீடு எல்லாம் வேண்டுமென்றால் நெட்டி இருக்கிறது, குளத்தில் வளரும் செடியின் வெள்ளைத் தக்கை. மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக் கழுத்தில் கட்டும் மாலை செய்கிற அதே நெட்டிதான். தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிளேடு பட்டாலே சீவிக்கொண்டு வரும், அதனால் வெட்டும் வேலையை நீங்கள் செய்யுங்கள், ஒட்டுவதைப் பிள்ளைகளிடம் விடுங்கள். தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பத்தாயத்து வீடு, கும்பகோணம் பக்கம்:

அம்மாடி கொல்லைக்காரி, உன் பதிவைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கு எழுபது தாண்டிவிட்டது, பேத்தியை உட்கார வைத்துச் சொல்லச் சொல்ல அவள் தட்டுகிறாள்.

முதலில் அந்த வார்னிஷ் விஷயம். மன்னார்குடிப் பெண் கோபித்துக்கொள்ளக் கூடாது. நெல்லுக்கு வார்னிஷ் அடிக்காதீர்கள். கோயில் மண்டபத்திலும் வீட்டுத் தாழ்வாரத்திலும் நெற்குஞ்சம் கட்டுவது நம் கண்ணுக்காக மட்டும் இல்லை, குருவி வந்து கொத்துவதற்காகவும்தான். கொலு முடிந்ததும் கொத்தை அப்படியே தாழ்வாரத்துக்கு மாற்றிக் கட்டிவிடு. நெல்லைக் குருவி தின்னும், தாளை மாடு தின்னும். வார்னிஷ் அடித்த நெல்லை எதற்கும் போட முடியாது. விளைந்த நெல்லை யாருக்கும் உதவாததாக்கி மாட்டிவைக்க எனக்கு மனசு வராது.

பரங்கிக்கும் இதே எண்ணம்தான். திண்ணையில் வைத்து அழகு பார், கெட்டுப்போவதற்கு முன் சமையலுக்கு எடு. காம்பு காய்ந்து தக்கை மாதிரி ஆகி, தோலில் நகம் இறங்காத காயாகப் பார்த்து, நாலு விரல் காம்பு விட்டு அறு. காம்பு ஒடிந்தால் அந்த இடத்தில்தான் முதலில் அழுகும், அதனால் காம்பைப் பிடித்துத் தூக்க விடாதே, பிள்ளைகள் அதைத்தான் செய்வார்கள். நாலைந்து நாள் வெயில் காட்டிவிட்டு, சிமெண்டுத் தரையில் நேராக வைக்காமல் வைக்கோல் பரப்பி, ஒன்றை ஒன்று தொடாமல் வை. ஆயுத பூஜை என்ன, தை வரைக்கும் கிடக்கும். பூசணி இருந்தால் மேலே இருக்கும் வெள்ளைப் பூச்சைத் துடைத்துவிடாதே, அதற்கு அதுதான் காப்பு. புரட்டாசியில் சனிக்கிழமைத் தளிகை, நவராத்திரிக்குச் சுண்டல், வீடு முழுக்க மரக்கறிச் சமையல் என்று இருக்கும்போது திண்ணையிலிருந்தே ஒரு பரங்கியை எடுத்துப் போய் அரிந்தால் பிள்ளைகளுக்கும் புரியும். விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைக்கும் வேலையை அவர்களிடமே கொடு.

இனிமேல் கொலு. நாங்கள் சின்ன வயதில் செய்தது காகிதக் கூழ். பழைய செய்தித்தாளைக் கிழித்துத் தண்ணீரில் மூன்று நாள் ஊறப் போடு, தினமும் தண்ணீரை மாற்று. ஒரு கைப்பிடி வெந்தயத்தைத் தனியாக ஊறவைத்து, இரண்டையும் சேர்த்து ஆட்டுக்கல்லில் வெண்ணெயாக ஆட்டு. வெந்தயம் பசையாகவும் பிடிக்கும், பூச்சியையும் அண்ட விடாது. குண்டானைக் கவிழ்த்து, மெல்லிய ஈரத்துணி போர்த்தி, மேலே கூழை விரல் கனத்துக்கு அப்பினால் கூடை. பாதி காய்ந்ததும் கழற்றிவிட்டுக் கவிழ்த்தே காயவை. சுண்ணாம்பு அடித்து, காவியில் கோடு போட்டால் போதும். பெயிண்ட் எல்லாம் வேண்டாம்.

பொம்மைக்கு ஒரு வழி இருக்கிறது. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை எப்படித் தள்ளினாலும் நிமிர்கிறதே, அடி உருண்டையாகவும் கனமாகவும், மேல்பாகம் லேசாகவும் இருப்பதால்தான். அதையே வீட்டில் செய்யலாம். வழவழவென்று சுரண்டிய கொட்டாங்கச்சியில் குளத்துக் களிமண்ணைக் கெட்டியாக அடைத்துக் காயவிடு. அதன்மேல் காகிதக் கூழால் உடம்பையும் தலையையும் பிடி. உயரமாகப் பிடித்துவிட்டால் நிமிராது, கொட்டாங்கச்சி அளவுக்கு மேல் போக வேண்டாம். செட்டியாரும் செட்டிச்சியும் செய்து, முன்னால் தட்டில் உன் கொல்லை நெல்லையும் அவரையையும் பரப்பிக் கடை வைத்தால் ஒரு படி நிறைந்துவிடும். பிள்ளைகள் அதை ஒன்பது நாளும் தள்ளித் தள்ளி விளையாடட்டும், ஒளித்துவைக்காதே.

காயவைப்பதில் மட்டும் கவனம். புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பார்கள். காலையில் முற்றத்தில் வைத்ததை மூன்று மணிக்கெல்லாம் உள்ளே எடுத்துவிடு. பிள்ளைகள் வந்து இறங்கிய அன்றைக்கே காகிதத்தை ஊறப் போட்டுவிடுவது நல்லது.

மன்னார்குடி மருமகள்:

கோபமெல்லாம் இல்லை பெரியம்மா. பரிசாகக் கொடுப்பது கொட்டாமல் போய்ச் சேர வேண்டுமே என்றுதான் அடித்தேன். பச்சை மாறாமல் அறுத்தால் கொட்டாது என்று வரப்போரம் அண்ணன் சொல்வது சரியாக இருந்தால் ஸ்ப்ரே தேவையே இல்லை. இந்த வருஷம் அப்படியே செய்கிறேன், வாங்கிப் போகிறவர்களிடமும் குருவிக்குக் கட்டச் சொல்கிறேன்.

சுரையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. குடுக்கை ஆக வேண்டுமென்றால் இந்த நவராத்திரிக்குக் கிடைக்காது. காம்பு பழுப்பாகும் வரை கொடியிலேயே விடுங்கள். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் அறுத்து, அடுப்புக்கு மேலே புகை படுகிற இடத்தில் உறியில் தொங்கவிடுங்கள். தோலில் பூஞ்சை படரும், பயப்பட வேண்டாம், பிறகு சுரண்டினால் போய்விடும். மாசி வாக்கில் ஆட்டிப் பார்த்தால் உள்ளே விதை குலுங்கும். அடுத்த ஆடிக்கு விதை போட்டுவைக்க அதைவிட நல்ல பாத்திரம் கிடையாது. எங்கள் மாமனார் இதை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் ஆற்றில் நீச்சல் பழகினாராம்.

கொல்லைக்காரி:

பத்தாயத்து வீட்டு அம்மா, உங்களை அத்தை என்றே கூப்பிடுகிறேன். உங்கள் பதிலை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அம்மா இப்போதே கொட்டாங்கச்சி சேர்க்க ஆரம்பித்துவிட்டார். மூலையைக் கொத்துக்கு விட்டுவிடுவதாக அப்பாவும் ஒத்துக்கொண்டார், நாளைக் காலையில் அறுக்கப் போகிறோம்.

இன்னும் ஒன்று. கொலுவுக்குக் கீழே பூங்கா போடுவோமே, அதில் கடுகு, கேழ்வரகுக்குப் பதிலாக நெல் நாற்றே விடலாமா? காவிரியிலிருந்து வாய்க்கால் பிரிந்து வயலுக்குப் போவதைப் பிள்ளைகள் மண்ணில் செய்து பார்க்க வேண்டும் என்று ஆசை. அறுக்கும் குறுவையிலிருந்தே நெல் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். கொலு வைக்கும் அமாவாசைக்கு எத்தனை நாள் முன்னால் போட வேண்டும்?

வரப்போரம்:

தாராளமாக விடலாம். ஆனால் இப்போது அறுக்கும் நெல் வேண்டாம். புது நெல்லுக்கு விதை உறக்கம் உண்டு, சில வாரம் கிடந்தால்தான் ஒழுங்காக முளைக்கும். குறுவைக்குப் பின் நடும் தாளடிக்காக, நாற்றங்காலுக்கு அப்பா வைத்திருக்கும் விதை நெல்லில் ஒரு ஆழாக்கு கேட்டு வாங்குங்கள்.

ஒரு பகல் ஒரு இரவு ஊறப் போட்டு, தண்ணீரை வடித்து, ஈரச் சாக்கில் கட்டி இன்னொரு பகல் இரவு மூட்டம் போடுங்கள். வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். அகலத் தாம்பாளத்தில் வண்டல் மண்ணும் மணலும் கலந்து இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, முளையை நெருக்கமாகத் தூவி, தண்ணீர் தெளித்துவாருங்கள். தேங்கவிட வேண்டாம். தூவிய எட்டாம் பத்தாம் நாளில் விரல் நீளத்துக்குப் பச்சை நிற்கும், அதனால் அமாவாசைக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முந்தியே ஊறப் போட்டுவிடுங்கள். கடுகும் கேழ்வரகும் மூன்று நாலு நாளில் வந்துவிடும், அவற்றைக் கடைசியில் கரையோரம் தூவலாம். வாய்க்காலுக்கு வாழைப்பட்டையைக் கவிழ்க்காமல் படுக்கவைத்தால் போதும், தண்ணீர் ஊற்றினால் ஓடும்.

வீட்டுக்குள்ளேயே வைத்தால் நாற்று வெளிறி நீண்டு சாய்ந்துவிடும். காலை வெயிலுக்குத் தாம்பாளத்தை முற்றத்துக்குக் கொண்டுவந்து, விளக்கேற்றும் முன் திரும்பக் கொலுவுக்கு எடுத்துப் போங்கள். தட்டு கனக்கும், ஒரு பக்கம் நீங்கள், மறுபக்கம் பெரிய பிள்ளை. விஜயதசமி கழிந்ததும் மண்ணோடு பெயர்த்து, தாளடி நடவு நடக்கும்போது வயலின் ஒரு மூலையில் நட்டுவிடலாம். லீவு முடிந்து பிள்ளைகள் கிளம்பியிருந்தால் எது அவர்கள் நாற்று என்று தெரிய ஒரு குச்சி ஊன்றிவையுங்கள், பொங்கலுக்கு வந்தால் கேட்பார்கள்.