நான்கு மாதத்துக்கு முன் நானே எழுதிய புரோகிராம் கோடு எனக்கே புரியவில்லை

மளிகைக்கடை மருமகன்:
வணக்கம். பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மே மாத விடுமுறையில் மாமாவின் மளிகைக் கடைக்கு பைத்தானில் ஒரு பில் போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். ஒரே ஃபைல், 640 வரி. நன்றாகத்தான் ஓடியது. 2025 செப்டம்பர் 22இல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியதும் மாமா போன் செய்தார்: "மாப்ளே, நெய்க்கு 12 போய் இனிமே 5தானாம். மாத்திக் குடு."

திறந்து பார்த்தால் ஏ, பி, டி1, டி2, எக்ஸ் என்று பெயர்கள். எது எதற்கென்று ஒன்றுமே நினைவில்லை. 0.12 என்று 11 இடத்தில் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே தட்டில் 0.05 ஆக்கிவிட்டேன். ஓட்டல்காரர்களுக்கு மசாலாப் பொடியில் மாமா தரும் தள்ளுபடியும் 12 சதவீதம்! அதுவும் 5 ஆகிவிட்டது. சாயங்காலமே ஒருவர் பில்லோடு சண்டைக்கு வந்துவிட்டார்.

கோடுக்குள் விளக்கக் குறிப்பு, அதாவது கமெண்ட், எழுதவில்லையா என்று கேட்காதீர்கள். எழுதியிருக்கிறேன்: "எக்ஸுடன் 1 கூட்டுகிறோம்." முழுக்கத் திரும்ப எழுதிவிடவா?

பழைய கோடு பராமரிப்பாளன்:
வேண்டாம் தம்பி. திரும்ப எழுதினால் புதிய தப்புகள்தான் வரும். பதினொரு வருடமாக அடுத்தவர் எழுதிய பில்லிங் கோடைத்தான் மேய்த்துக்கொண்டிருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் இருப்பதை அப்படியே கிட்டில் போட்டு வை. கோடின் பழைய பதிப்புகளைச் சேமித்து வைக்கும் கருவி அது, எப்போது வேண்டுமானாலும் பழையதுக்குத் திரும்பலாம். அப்புறம் கடையிலிருந்து பழைய பில் பத்து வாங்கி வா. ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் அந்தப் பத்தையும் போட்டுப் பார், தொகை மாறக் கூடாது.

0.12 பதினொரு இடத்தில் இருந்ததை விட, அதற்குப் பெயர் இல்லாமல் போனதுதான் வினை. வரியும் தள்ளுபடியும் ஒரே முகத்தோடு நின்றிருக்கின்றன. தள்ளுபடிக்குத் தனிப் பெயர் கொடு. வரி விகிதங்களை ஒரே இடத்துக்குக் கொண்டு வா, பொருள்வாரியாக. 0.12 என்ற எண்ணை மட்டும் தேடி மாற்றுகிற பழக்கம் இருந்தால் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயும் குளியல் சோப்பும் தப்பிவிடும். அவை 18இலிருந்து 5க்கு வந்தவை, மாற்றினாயா?

விகிதத்தோடு எந்தத் தேதியிலிருந்து என்பதையும் சேர்த்து வை. ஆகஸ்டில் விற்ற நெய்யின் பில்லை இன்று மறுபடி பிரிண்ட் எடுத்தால் அதில் 12தான் வர வேண்டும். இதை விட்டுவிட்டு ஆடிட்டரிடம் மாட்டியவன் நான்.

கமெண்டில் என்ன செய்கிறோம் என்பதை எழுதாதே, அது கோடிலேயே தெரிகிறது. ஏன் என்பதை எழுது. "50 பைசாவுக்குக் கீழே மாமா விட்டுவிடுவார்" என்று ஒரு வரி இருந்தால் போதும்.

மளிகைக்கடை மருமகன்:
சோப்பை மறந்தே போனேன் அண்ணா. நன்றி. பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாமா?

பைத்தான் அக்கா:
பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும். நானும் வைத்துப் பார்த்தேன். 'மொத்த_தள்ளுபடி' என்று ஒன்று. மொத்த வியாபாரிக்குத் தரும் தள்ளுபடியா, பில்லின் எல்லாத் தள்ளுபடியும் சேர்ந்த கூட்டுத்தொகையா? ஒரு மாதம் கழித்து எனக்கே தெரியவில்லை. எந்த மொழியில் வைத்தாலும் பெயரைக் கொஞ்சம் நீளமாகவே வை, 'ஓட்டல்_மசாலா_தள்ளுபடி' என்று.

இன்னொன்று, பணத்தை ஃப்ளோட்டில், அதாவது தசம எண்களைத் தோராயமாக வைக்கும் வகையில், வைத்திருக்கிறாயா? 0.1 + 0.2 போட்டுப் பார், 0.30000000000000004 வரும். தசமத்தைத் துல்லியமாக வைக்கும் டெசிமலுக்கு மாறு. அதையும் மற்ற திருத்தங்களோடு ஒரே நாளில் கலக்காதே.

மளிகைக்கடை மருமகன்:
முடித்துவிட்டேன், டெசிமல் மட்டும் பாக்கி. 11இல் 7 நெய், வெண்ணெய், சீஸ் வரி. 3 தள்ளுபடி. மீதி ஒன்று எதற்கென்று தெரியவில்லை. எடுத்துவிட்டுப் போட்டாலும் பத்து பில்லும் அப்படியே வருகின்றன. பயத்தில் எடுக்கவில்லை. மேலே "இது ஏன் இருக்கிறதென்று எனக்கும் தெரியாது" என்று கமெண்ட் மட்டும் போட்டிருக்கிறேன்.

பழைய கோடு பராமரிப்பாளன்:
எடுத்துவிடு தம்பி. அதற்குத்தான் கிட்.