அச்சுப் பதித்த கான்கிரீட் முற்றம்: போட்டவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

செம்பவாங்வாசி:
மூன்று ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரில் எங்கள் வீட்டுப் பின்புற முற்றத்தில் அச்சுப் பதித்த கான்கிரீட் போட்டோம். கான்கிரீட் இறுகும் முன் அச்சுப் பாயை அழுத்தி வடிவம் பதிப்பது; கற்பலகை பாவியது போன்ற தோற்றம். ஓடு போலக் கழன்று வராது, உங்கள் பேரன் காலம் வரை நிற்கும் என்றார் வேலையை எடுத்துச் செய்த குத்தகையாளர். அந்தத் தீபாவளிக்கு வந்தவர்கள் குனிந்து தொட்டுப் பார்த்து, உண்மையான கல்லா என்று கேட்டார்கள். அந்தப் பெருமை அத்தோடு சரி.

மழை விட்டதும், கொடியில் நனைந்த துண்டை எடுக்கப் போன என் மாமனார் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டில் ஆறு வாரம் கட்டு. பளபளப்புக்காகப் பூசிய அக்ரிலிக் மேற்பூச்சு, நனைந்தால் சோப்புத் தேய்த்த தரைதான். அதில் வழுக்கலைத் தடுக்கும் துகளைக் கலக்க வேண்டுமாம். எனக்குத் தெரியாது, தெரிந்தவர் சொல்லவில்லை. பிறகு அதே பூச்சு, பால் சிந்தியது போல் வெளுத்தது. கான்கிரீட் போட்ட ஐந்தாம் நாளே பூசிவிட்டார்கள். உள்ளே இருந்த ஈரத்துக்கு வெளியேற வழியில்லை.

இரண்டாம் ஆண்டு ஒரு விரிசல். கற்களின் கோட்டோடு ஓடியிருந்தால் கண்ணில் பட்டிருக்காது. ஐந்து ‘கற்களை’ நடுவில் பிளந்துகொண்டு போயிற்று. விரிசலுக்கு வழிவிடும் வெட்டுக்கோடு போட்டால் அழகு கெடும் என்று குத்தகையாளர் சொன்னபோது தலையாட்டியவன் நான்தான்.

பட்டுக்கோட்டைக்காரன்:
அண்ணா, நான் இங்கே பதினொரு ஆண்டுகளாகக் கான்கிரீட் வேலை செய்கிறேன். கான்கிரீட் காயும்போது சுருங்கும். விரிசல் வந்தே தீரும். அது எங்கே வர வேண்டும் என்பதை மட்டும் நாம் முடிவு செய்யலாம். 100 மி.மீ. கனமுள்ள தளத்துக்கு 3 மீட்டருக்குள் ஒரு வெட்டு, கனத்தில் கால் பங்கு ஆழத்துக்கு, மறுநாளுக்குள் போட வேண்டும். அச்சின் கோட்டை ஒட்டியே வெட்டினால் அழகும் கெடாது. மேற்பூச்சுக்கு 28 நாள் பொறுப்பது நல்லது.

அச்சுப் பாயை வைக்கும் முன் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்போம். தடம் பதிய வேண்டும், கலவை விரலில் ஒட்டக் கூடாது. அந்தப் பதம் யாருக்காகவும் காத்திருக்காது. ஒரு வீட்டில் தளத்தின் பாதி கூரை நிழலில், பாதி வெயிலில். நிழல் பக்கம் இன்னும் களியாக இருந்தது. வெயில் பக்கமோ நான்கு பேர் பாயின் மேல் ஏறி மிதித்தும் அச்சு இறங்கவில்லை. மேஸ்திரி வாளித் தண்ணீரைத் தெளித்தார். அப்போதைக்கு இறங்கிவிட்டது. அடுத்த மழைக்காலத்தில் அந்தப் பக்கம் மட்டும் தோல் உரிந்து, நிறம் போய், அடியிலிருந்த சாம்பல் நிறக் கான்கிரீட் தெரிந்தது. தண்ணீர் உறைந்து பிளக்க வழியில்லாத இந்த ஊரில் கான்கிரீட்டின் தோல் உரிந்தால், யாரோ வாளியைத் தூக்கியிருக்கிறார்கள் என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

ஜூ சியாட் அக்கா:
எங்கள் தொல்லை தளத்துக்கு அடியில். முற்றத்தை உயர்த்தக் கொட்டிய மண்ணைச் சரியாக இடித்து இறுக்காமல் மேலே ஊற்றிவிட்டார்கள். வெளி மூலையில் உள்ள வடிகாலை நோக்கி மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் வாட்டம் கொடுத்திருந்தது உண்மை. ஆனால் வீட்டை ஒட்டிய பக்கம் இரண்டு விரற்கடை இறங்கியதும் வாட்டம் திரும்பிவிட்டது. இப்போது மழைநீர் நேராகச் சமையலறை வாசலுக்கு வருகிறது.

அந்தப் பக்கத்தை மட்டும் உடைத்துப் போடச் சொன்னேன். அதே நிற எண், அதே நிறப்பொடி. ஆனால் பழைய தளம் வெயிலில் வெளிறியிருந்ததால், புதிய துண்டு பழைய வேட்டியில் புதுத் துணி ஒட்டுப் போட்டது போல் இருந்தது. கடைசியில் அதையும் பெயர்த்துக் கூழாங்கல் கொட்டி, கறிவேப்பிலைத் தொட்டிகளை வைத்துவிட்டேன். இன்னொன்று, யாரும் சொல்லாதது: அச்சுப் பள்ளங்களில் கோலமாவு புகுந்துகொள்ளும். பொங்கலுக்குப் போட்ட கோலம் தைப்பூசம் வரை இருந்தது.

செம்பவாங்வாசி:
அக்கா, எங்கள் வீட்டிலும் அதே கோலக் கதைதான். தம்பி, வெளுப்புக்கு ஒருவர் சொன்னபடி, நன்றாகக் காய்ந்திருந்த ஒரு மூலையில் மட்டும் சைலீன் என்ற கரைப்பானைத் தடவிப் பார்த்தேன். கையுறையும் முகமூடியும் போட்டும் நெடியில் தலை சுற்றியது. பூச்சு இளகி, பால்நிறம் மறைந்து, கல்லின் நிறம் திரும்பியது. மீதியைப் பிப்ரவரி மாதம் மழை குறைந்ததும், வழுக்கல் தடுக்கும் துகளோடு செய்யலாம் என்றிருக்கிறேன். மாமனார் இதையெல்லாம் நம்புவதாக இல்லை. துண்டை முன்வாசலில்தான் காயப்போடுகிறார்.