மறுமொழி: ‘ஸ்வெல் சர்ஜ்’ என்பதற்கு உரிய தமிழ்ச்சொல்: சேய்மையலை, கள்ளக்கடல்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

‘ஸ்வெல் சர்ஜ்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நான் எழுப்பிய வினாவுக்கு இத்தனை மறுமொழிகள் வந்தமைக்கு நன்றி. இடையில் சேர்ந்தவர்களுக்காகச் சூழலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாகர்கோவிலை அடுத்த ஒரு பொறியியல் கல்லூரியில் எங்கள் மாணவர்கள் ஒரு செயலியை உருவாக்கிவருகிறார்கள். ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் (இன்காய்ஸ்) வெளியிடும் அலை முன்னறிவிப்பைத் தமிழில் குரல்செய்தியாகவும் குறுஞ்செய்தியாகவும் மாற்றி, கன்னியாகுமரி மாவட்டத்தில் நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரையுள்ள கடற்கரை ஊர்களுக்கு அனுப்புவது அதன் வேலை. நிரல் எழுதுவதில் அவர்களுக்குத் தடை ஏதும் இல்லை. தொலைவில் பிறந்த அலைகள் வந்து கரையில் ஏறுவதைக் குறிக்கும் ‘ஸ்வெல் சர்ஜ்’ என்ற இரண்டு சொற்களில்தான் வேலை நின்றது. இயந்திர மொழிபெயர்ப்பு அதை ‘வீக்க எழுச்சி’ என்று தந்தது. வீக்கம் என்றால் நம் பேச்சில் அது உடம்புக்கு வருவது. எழுச்சி என்றால் மேடைப் பேச்சு நினைவுக்கு வரும். கடலை நினைக்கவே இடந்தராத இந்தத் தொடரை ஒரு எச்சரிக்கையின் தலைப்பில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

சொல்லுக்குப் போகும் முன் பொருளைப் பார்த்துவிடுவோம். இக்குழுவில் வந்த பரிந்துரைகளில் பாதி, பொருளைப் புயலோடும் சுனாமியோடும் கலந்துகொண்டதால் பிறந்தவை என்று எனக்குப் படுகிறது.

இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில், 30 பாகை தெற்குக்கும் அப்பால், பல நாள் ஓயாமல் வீசும் பெருங்காற்று அலைகளை எழுப்புகிறது. அந்த அலைகள் காற்றின் எல்லையைக் கடந்த பிறகும் அடங்குவதில்லை. ஒழுங்குபட்டு, நீண்ட இடைவெளியுள்ள வரிசைகளாகி வடக்கு நோக்கிப் பயணப்படுகின்றன. 18 வினாடி அலைவுக்காலம் (ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வர ஆகும் நேரம்) உள்ள அலைக்கூட்டத்தின் ஆற்றல் ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. 5000 கிலோமீட்டர் தொலைவைக் கடக்க அதற்கு நான்கு நாளுக்குச் சற்று மேல் ஆகும். 12 வினாடி அலைகள் அதே தொலைவைக் கடக்க ஆறு நாள் ஆகும். ஆகவே ஒரே புயற்காற்றில் பிறந்த அலைகளில் நெடிய அலைவுக்காலம் உள்ளவை முந்தி வந்து சேர்கின்றன. அவை வந்து சேரும் நாளில் குளச்சலிலோ முட்டத்திலோ காற்று இருக்க வேண்டியதில்லை, வானம் கறுத்திருக்க வேண்டியதும் இல்லை. கடல் தெளிந்து கிடக்கும்போதே தண்ணீர் மணலைத் தாண்டி வீட்டு முற்றத்துக்கு ஏறிவிடுகிறது. சித்திரை, வைகாசி மாதங்களில், பருவமழைக்கு முன், இது மிகுதி.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஒன்றரை மீட்டர் உயரமுள்ள இரண்டு அலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு அலைவுக்காலம் 8 வினாடி, மற்றதற்கு 18 வினாடி. உயரம் ஒன்றேயானாலும், இரண்டாவது கரைக்குக் கொண்டுவரும் ஆற்றல் முதலாவதைப்போல் இரண்டேகால் மடங்கு. ஆழம் குறையும் இடத்தில் அது மேலும் எழும்பி, மணற்சரிவில் அதிகத் தொலைவு ஏறும். ஆகவே ‘பேரலை’ என்ற சொல் இங்கே பொருந்தாது. நடுக்கடலில் இந்த அலை பெரிதாகத் தெரிவதே இல்லை. வள்ளத்தில் இருப்பவர், கடல் மெல்ல ஏறி இறங்குவதாக மட்டுமே உணர்வார். ‘கடல் சீற்றம்’ என்பதும் அதே காரணத்தால் தவறு. அது காற்றோடு கொந்தளிக்கும் ஆனி, ஆடிக் கடலுக்கு உரிய பெயர். அந்தப் பெயரை இதற்குச் சூட்டினால், சீற்றமே இல்லாத கடலைப் பார்க்கும் ஒருவர் எச்சரிக்கை பொய்த்துவிட்டது என்று எண்ணிக் கரையில் இறங்கிவிடுவார். 2024 மே 6 அன்று கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் அலையில் இழுக்கப்பட்டு உயிரிழந்தபோது, இந்த வகை அலைக்கான எச்சரிக்கை நடப்பில் இருந்தது. கரையில் நின்று பார்ப்பவருக்கு ஆபத்து கண்ணில் படாத ஒரு நிகழ்வுக்குச் சொல்லாவது அதைச் சொல்ல வேண்டும் என்பதே என் கவலை.

இனி, வந்த பரிந்துரைகள்.

‘வீங்கலை’ பற்றி மேலே சொன்னதே போதும். ‘நெட்டலை’ கேட்க அழகானது, ஆனால் அந்த இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. நம் இயற்பியல் பாடநூல்களில் ஒலி அலையைப் போலத் துகள்கள் பரவும் திசையிலேயே அதிரும் அலைக்கு நெட்டலை என்றும், மற்றதற்குக் குறுக்கலை என்றும் பெயர் நிலைத்துவிட்டது. பிளஸ் டூ படித்த மாணவரிடம் நெட்டலை எச்சரிக்கை என்றால் குழப்பமே மிஞ்சும். அதோடு, கடலியலில் நீளலை என்ற கருத்து சுனாமிக்கும் ஓதத்துக்கும் (நாள்தோறும் கடல்மட்டம் ஏறி இறங்குவதற்கும்) பொருந்துவது. அவற்றின் அலைவுக்காலம் நிமிடங்களிலும் மணிகளிலும் அளக்கப்படுவது.

‘தொலையலை’ என்று பரிந்துரைத்த மதுரை நண்பரின் தருக்கம் சரியானது. தொலைபேசி, தொலைநோக்கி என்ற குடும்பத்தில் அது இயல்பாகச் சேரும். ஆயினும் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘இன்னும் தொலையலை’ என்று நாம் நாள்தோறும் சொல்லும் ‘தொலையவில்லை’யின் பேச்சு வடிவமாகவே அது காதில் விழுகிறது. காகிதத்தில் மட்டும் வாழும் சொல்லானால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் செய்தி குரலாகப் போகிறது. கணினி அதை ஒரே தொனியில் வாசிக்கிறது. காற்றிரைச்சலுக்கும் எஞ்சின் சத்தத்துக்கும் இடையே அதைக் கேட்பவர் இரண்டாவது முறை கேட்கமாட்டார்.

நான் முன்வைப்பது ‘சேய்மையலை’. பள்ளியில் தமிழ் படித்த எல்லோரும் அண்மைச்சுட்டு, சேய்மைச்சுட்டு என்று படித்திருக்கிறார்கள். ஆகவே சேய்மை என்றால் தூரம் என்பதை அகராதி பார்த்து அறிய வேண்டியதில்லை. அதைவிட, இந்தச் சொல் தனக்கு ஓர் இணையையும் கூடவே கொண்டுவருகிறது. அந்த இடத்துக் காற்றிலேயே பிறக்கும் அலைக்கு ‘அண்மையலை’ என்று பெயரிடலாம். அலை முன்னறிவிப்பு அட்டவணையில் இவ்விரண்டும் தனித்தனிப் பத்திகளாகத்தான் வருகின்றன. சேய்மையலை உயரம், சேய்மையலைத் திசை, சேய்மையலை அலைவுக்காலம் என்று தடையின்றி விரிகிறது. ‘சர்ஜ்’ என்பதற்கு எழுச்சியை விட்டு ‘ஏற்றம்’ கொள்ளலாம். கடல் ஏறுவதாகத்தான் கரையில் பேச்சு. நம் மாவட்டத்தில் கேறுவது என்றும் சொல்வார்கள். ஆக, நிகழ்வுக்குப் பெயர் ‘சேய்மையலை ஏற்றம்’.

ஆனால் எச்சரிக்கைச் செய்தியின் முதற்சொல்லாக இதை வைக்க வேண்டாம் என்பதும் என் கருத்து. அந்த இடம் ‘கள்ளக்கடல்’ என்ற சொல்லுக்கு உரியது. சொல்லாமல் கொள்ளாமல் கள்ளனைப்போல் ஏறிவரும் கடலுக்குக் கேரளக் கரை மீனவர் இட்ட பெயர் இது. 2012இல் யுனெஸ்கோ அறிவியல் வழக்காகவே ஏற்றுக்கொண்டதால் இன்று உலகக் கடலியல் ஆய்வுக் கட்டுரைகளிலும் அப்படியே எழுதப்படுகிறது. சென்னை நண்பர் ஒருவர் இதை மலையாளச் சொல் என்று ஒதுக்கியிருந்தார். ‘கள்’ என்ற வேர் குறளில் ‘கள்ளாமை’ என்று ஓர் அதிகாரத்துக்கே பெயராக நிற்கிறது. கடலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1956 நவம்பர் 1 வரை இந்தக் கரை திருவிதாங்கூரோடும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. நீரோடிக்கும் அதற்கு அடுத்த பொழியூருக்கும் இடையே இன்று மாநில எல்லை ஓடுகிறதேயன்றி, இரு ஊர் மீனவரும் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் வழங்கும் சொற்களில் அப்படியோர் எல்லை இல்லை. குழித்துறையில் ஆண்டுதோறும் நடக்கும் வாவுபலிக் கண்காட்சியின் பெயரிலுள்ள ‘வாவு’ அமாவாசையையும் பௌர்ணமியையும் குறிக்கும் பழந்தமிழ் ‘உவா’தான். அந்த வாவு நாளில் ஓதம் உயரும்போது சேய்மையலையும் வந்து சேர்ந்தால் ஏற்றம் இன்னும் கடுமையாகும். இப்படி ஒன்றோடொன்று பின்னிய சொற்களைப் பிறமொழி என்று வெட்டிவிடுவது கரையைப் பாதியாக வெட்டுவதாகும்.

‘கள்ள நோட்டு’ என்பதுபோல் ‘கள்ள’ என்றால் போலி என்று பொருள்பட்டு, பொய்யான கடல் என்று உள்நாட்டார் கொள்வார்களே என்ற ஐயத்தை மதிக்கிறேன். அதனால்தான் இரு சொற்களும் வேண்டும் என்கிறேன். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு ‘ஆழிப்பேரலை’ என்ற நல்ல சொல் நமக்குக் கிடைத்தது, நாளிதழ்களில் நிலைத்தும் விட்டது. ஆனாலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் பேசுவது சுனாமி என்றுதான். ஒன்று மற்றதைக் கெடுக்கவில்லை.

குறுஞ்செய்தியின் கட்டுப்பாடு ஒன்றையும் நினைவில் கொள்ளுங்கள். தமிழ் எழுத்துருக் குறியீட்டில் ஒரு செய்திக்கு 70 குறிகளே இடம். உயிர்மெய்யில் வரும் கொம்பும் புள்ளியும் தனித்தனியே கணக்காகும். ‘தொலைவிலிருந்து வரும் அலைகளால் ஏற்படும் கடலேற்றம்’ என்று விளக்கமாக எழுதினால் அதுவே 48 குறிகளை விழுங்கிவிடும். ‘சேய்மையலை ஏற்றம்’ 16, ‘கள்ளக்கடல்’ 10. மிச்சமிருக்கும் இடத்தில்தான் எந்த நேரம், எந்த ஊர், என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து

-----

ஐயா, வணக்கம்.

தூத்துக்குடிக் கரையில் பிறந்தவன் என்ற முறையில் இரண்டு கருத்துகள். கள்ளக்கடல் என்ற சொல்லை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வழங்கி நான் கேட்டதில்லை. செய்திகளில்தான் முதலில் படித்தேன். எச்சரிக்கை எங்கள் மாவட்டத்துக்கும் வருமென்றால், எங்களுக்குத் தெரியாத சொல் தலைப்பில் நிற்கும். அடுத்தது, சேய்மையலை என்பதன் துல்லியம் பற்றியது. அலையை எழுப்பிய காற்று ஓய்ந்தபின் அதே இடத்தில் தொடர்ந்து ஆடும் அலையும் கடலியலில் இதே வகையில்தான் அடங்கும். அது சேய்மையிலிருந்து வந்ததன்று. காற்று போனபின் எஞ்சி நிற்பது என்ற பொருளில் ‘எஞ்சலை’ எனலாமா?

-----

ஐயா, இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அது ஆழமான ஐயம். எஞ்சலை இலக்கணத்திலும் வரையறையிலும் குறையற்றது. கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்தால் நீங்கள் சொல்வதுபோல் சேய்மை தவறும். ஆனால் இங்கே சேய்மையைக் கரையிலிருந்து அளக்காமல் காற்றிலிருந்து அளப்போம். இடத்தால் விலகினாலும் காலத்தால் விலகினாலும் அது சேய்மையே. கலைச்சொற் பட்டியலில் ‘தன்னை எழுப்பிய காற்றின் ஆளுகையை விட்டு நீங்கிய அலை’ என்று வரையறை எழுதிவிட்டால் ஓய்ந்த காற்றின் அலையும் உள்ளே வந்துவிடும். எஞ்சலையில் எனக்குள்ள தயக்கம் வேறு. எஞ்சியது என்றவுடன் தேய்ந்தது, மிச்சம், இனி அஞ்ச வேண்டாதது என்ற எண்ணம் கேட்பவருக்குத் தோன்றும். தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் இந்த அலை திடீரென எழும்பும்போது வள்ளத்தைத் திருப்பும் நேரம்கூடக் கிடைப்பதில்லை. ஆபத்தைக் குறைத்துக் காட்டும் சொல்லை, அது எவ்வளவு துல்லியமானதாயினும், எச்சரிக்கைக்கு அடிச்சொல்லாக்க நான் இசையமாட்டேன். பாடநூலில் அதை மாற்றுச்சொல்லாகக் குறிப்பதில் தடையில்லை.

முதற்கருத்தை அப்படியே ஏற்கிறேன். செயலி, பெறுபவர் எந்தக் கரையில் இருக்கிறார் என்பதை அறியும். அதற்கேற்பச் சொற்களின் வரிசையை மாற்றுவது எளிது. எங்கள் பக்கம் அனுப்பும் செய்தி இப்படி அமையும்: “கள்ளக்கடல் எச்சரிக்கை. நாளை பகல் 2 மணி முதல் சேய்மையலை ஏற்றம். காற்று இல்லாவிட்டாலும் கடல் ஏறும். கரையில் நிற்காதீர்கள். வள்ளங்களை மேடேற்றிக் கட்டுங்கள்.” இது குரல்செய்திக்கு; குறுஞ்செய்தியில் முதல் இரு தொடர்களோடு கடைசித் தொடர் மட்டும் சேர்ந்து, இரண்டு பகுதிகளாகப் போகும். உங்கள் பக்கம் சேய்மையலை ஏற்றம் முதலில் நிற்கட்டும், கள்ளக்கடல் பின்னால் வரட்டும். உங்கள் கரைக்கென்று பழைய சொல் ஏதேனும் உண்டா என்று முதியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். கிடைத்தால் உங்கள் மாவட்டத்துக்கு அதையே தலைப்பாக்குவோம்.

‘காற்று இல்லாவிட்டாலும் கடல் ஏறும்’ என்ற தொடரை மாணவர்கள் இடத்தைச் சேமிக்கும் பொருட்டு எடுத்துவிட விரும்பினார்கள். குரல்செய்தியில் அது கட்டாயம் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். சுற்றுலா வருபவருக்கு மேற்கண்ட பெயர்கள் எதுவும் புரியாமல் போனாலும் அந்த ஒரு தொடர் புரியும்.

சொற்புணர்ச்சி பற்றிக் கேட்டவருக்கு: ‘சேய்மையலையேற்றம்’ என்று சேர்த்தெழுதுவது இலக்கணப்படி சரிதான். ஆனால் குரலாக்க மென்பொருள் அந்த நீண்ட சொல்லில் மூச்செடுக்காமல் ஓடிவிடுகிறது. பிரித்தெழுதினால் ஏற்றத்துக்கு முன் சிறு நிறுத்தம் கிடைத்துச் சொல் தெளிவாகக் கேட்கிறது. ஆகவே செய்தியில் பிரித்தும், பட்டியலில் இரு வடிவங்களையும் காட்டியும் எழுதலாம். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்ற எச்சரிக்கை நிலைகளுக்கு நிறப்பெயர் போதுமா, செயலைச் சொல்லும் பெயர் வேண்டுமா என்பது தனி விவாதம். அதற்குப் புதிய இழை தொடங்குகிறேன்.